பத்து ரூபாய் பெறப்பட்டது

வேங்கிக்கால்,
24.11.2025

தேவி,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம். நான் அப்படிக் கேட்டால் நீ இதை நேராக அடுப்பில் போட்டுவிடுவாய். அதனால் கேட்கவில்லை.

உன் நம்பர் இரண்டு வாரத்துக்கு மேலாக ஸ்விட்ச் ஆஃப். நேற்று உன் வீட்டுக்கே போனேன். உன் அம்மா வாசலில் ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். "எங்க அக்கா சரோஜாவுக்கு ஆபரேஷன் ஆயிருக்குது. ஆக்கிப் போட ஆளில்லன்னதும் இவளே நா போறேம்மான்னு கெளம்பிட்டா. பத்து நாள்ல வந்துடுவா" என்றார். கீழ்பென்னாத்தூர் முகவரியையும் அவரே சொன்னார். போஸ்ட் ஆபீசில் கவரும் ஸ்டாம்பும் கேட்டால் அங்கிருந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஸ்கூல் ப்ராஜெக்டா?" என்றார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

நான் என்ன செய்தேன் என்று ஒருமுறை வரிசையாக எழுதுகிறேன். தப்பு எங்கே என்று நீயே சொல். ஐப்பசி பௌர்ணமி. கிரிவலப் பாதையில் உன் வீட்டுக்குக் குளிக்கவும் பாத்ரூம் போகவும் ஆட்கள் வரும் நாள். நீ வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் பிளாஸ்டிக் ஜக்குகள், சில்லறை டப்பா, ஸ்கேனர் அட்டை, காசு வந்தால் சத்தமாகச் சொல்லும் அந்தப் பெட்டி. நான் துணைக்கு வந்திருந்தேன். மேலண்டை வீட்டில் சீரியல் லைட் போட்டுக் கூட்டத்தை அள்ளிக்கொண்டிருந்தார்கள், நாம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். உன் அம்மா முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. உன்னையும் மேஜையையும் ஸ்கேனரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து, "நம்ம தேவி வீடு. சுத்தமா இருக்கும், தண்ணி நிக்காது. பத்து ரூபாதான். கிரிவலம் வர்ற உங்க சொந்தக்காரங்களுக்குச் சொல்லுங்க" என்று எழுதி, மிஸ் இல்லாத நம் வகுப்பு குரூப்பில் போட்டேன்.

நல்லதுக்குத்தான் போட்டேன். அன்றைக்கே அதைப் பார்த்து மூன்று குடும்பம் வந்தது. நீயும்தானே சிரித்தாய்?

அதற்கப்புறம் குரூப்பில் அருண்பிரசாத் செய்ததெல்லாம் அவன் செய்தது. அதற்கு என்மேல் ஏன் கோபம்? டிசம்பர் பத்தாம் தேதி அரையாண்டுத் தேர்வு தொடங்குகிறது. பெஞ்சில் உன் இடத்தில் என் பையை வைத்திருக்கிறேன், வேறு யாரும் உட்காராமல். வந்துவிடு.

நந்தினி


கீழ்பென்னாத்தூர்,
1.12.2025

நந்தினி,

உன் கடிதத்தை இந்த வீட்டில் எல்லோரும் கை மாற்றிப் பார்த்த பிறகு என்னிடம் கொடுத்தார்கள். பிரிக்கவில்லை. அந்த மட்டும் நல்லவர்கள்.

உன் பங்கை வரிசையாக எழுதியிருக்கிறாய். என் பங்கையும் கேள்.

மறுநாள், ஆறாம் தேதி. கூட்டமெல்லாம் கலைந்துவிட்டது. சாயங்காலம் அம்மா குழம்புக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். பெட்டி பேசியது: "ஒரு ரூபாய் பெறப்பட்டது." அம்மா கத்தியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தாள். யாரும் இல்லை. உள்ளே போவதற்குள் இன்னொரு தடவை. அப்புறம் இன்னொன்று. உங்கள் வீடுகளில் உட்கார்ந்து அந்தப் போட்டோவிலிருந்த ஸ்கேனரை ஸ்கேன் செய்து ஆளுக்கு ஒரு ரூபாய் அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். சிலர் கூடவே ஒரு வரியும் எழுதியிருந்தார்கள். அதை இங்கே எழுத மாட்டேன்.

அம்மாவுக்கு அந்த ஆப்பில் படிக்கத் தெரியாது. அவளுக்குப் பெட்டி சொல்வதுதான் கணக்கு. "இன்னாடி ஒத்த ரூபாவா வருது? மொய் வெக்கறாப்புல வெக்கறாங்க பாரு. ஒத்த ரூபா வந்தா நல்லதுடி" என்று சிரித்தாள். ஒவ்வொரு தடவை பெட்டி பேசும்போதும் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம்மா, ஆமாம்மா என்றேன்.

அனுப்பியவர்களின் பெயர் அம்மா போன் திரையில் வரும். நம் வகுப்புப் பிள்ளைகள் பெயர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அப்பா பெயர், அம்மா பெயர். ஊரில் இருக்கும் பெரிய மனிதர்கள் எல்லாம் வரிசையில் நின்று என்னைக் கேலி செய்ததுபோல் இருந்தது.

அடுத்த நாள் வகுப்பில் கால் வைத்ததும் பின்பெஞ்சிலிருந்து அதே குரல். "ஒரு ரூபாய் பெறப்பட்டது." ஒரு பெண் அதைப் பெட்டியைவிட நன்றாகச் சொன்னாள். யாரோ கஸ்தூரி மிஸ்ஸிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் வந்து, "தேவிப்ரியா, எழுந்து நில்லு. இந்தப் பொண்ண இனிமே யாராவது கிண்டல் பண்ணா டி.சி.தான்" என்றார். முப்பத்தாறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் தனியாகக் கூப்பிட்டு, "போன ஆஃப் பண்ணி வெச்சிடும்மா, எல்லாம் சரியாயிடும்" என்றார். போனை ஆஃப் செய்துவிட்டேன். வகுப்பை எப்படி ஆஃப் செய்வது என்று அவர் சொல்லவில்லை.

போட்டோவைப் பற்றி நான் எப்போது கேட்டேன்? அருண்பிரசாத் அதை வெட்டி, என் தலைக்குமேல் "கழிவறை வாரியத் தலைவி" என்று எழுதிப் போட்டான். அதற்குக் கீழே முதல் சிரிப்பு யாருடையது, நந்தினி? இரண்டு பக்கக் கடிதத்தில் அதற்கு ஒரு வரி இல்லை.

இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதே. அனுப்பினாலும் என்னால் என்ன செய்ய முடியும்?

தேவிப்ரியா


வேங்கிக்கால்,
7.12.2025

தேவி,

உன் கடிதத்தைப் பயாலஜி புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

அந்தச் சிரிப்பு என்னுடையதுதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சிரிப்பே இல்லை. அந்த மஞ்சள் மூஞ்சியை நாம் ஒரு நாளைக்கு நூறு தடவை போடுகிறோம். யாராவது குட்மார்னிங் சொன்னால்கூடப் போடுகிறோம். விரல் முந்திவிட்டது. போட்ட பிறகுதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். எடுத்துவிடலாம் என்று நினைத்தேன், அதற்குள் எனக்குக் கீழே பதினேழு சிரிப்பு விழுந்துவிட்டது. அப்போது எடுத்தால் அருண்பிரசாத் என்னையும் பிடித்துக்கொள்வான். சும்மா இருந்துவிட்டேன். இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தீபத்தன்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன். சொல்ல முடியாத கூட்டம். உன் அம்மா தனியாகத் திண்டாடினார். பெட்டியைக் காணோம் என்று இரண்டு நாள் தேடியிருக்கிறார். "பெட்டி இருந்தா காதுல கேட்டுடும். இப்ப யாரு போட்டாங்க, யாரு போட்ட மாதிரி போனக் காட்டிட்டுப் போறாங்கன்னு ஒண்ணும் புரிய மாட்டேங்குது" என்றார். நீதான் எடுத்துப் போனாயா?

ஒரு நல்ல செய்தி. வகுப்பில் இப்போது யாரும் உன்னைப் பற்றிப் பேசுவதே இல்லை. வேறு ஒரு பையனைப் பிடித்துக்கொண்டார்கள், அவன் நடையை வீடியோ எடுத்து ஓட்டுகிறார்கள். உன் விஷயம் ஆறிவிட்டது. இனிமேல் வரலாம்.

நந்தினி


கீழ்பென்னாத்தூர்,
15.12.2025

நந்தினி,

அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும். எழுத வரவில்லை என்று பார்த்திருப்பாய்.

இன்னொருவன் மாட்டிக்கொண்டதை நல்ல செய்தி என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் நான் பல தடவை படித்தேன்.

ஆமாம், பெட்டியை நான்தான் எடுத்து வந்தேன். அம்மா ஒரு ரூபாய்க்கெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வதை இன்னொரு நாள் பார்த்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். அதற்குள் சிம் இருக்கிறது, எங்கே கொண்டு போனாலும் பேசும். பீரோவில் என் துணிகளுக்கு நடுவில் வைத்தேன். முதல் வாரம் பெரியம்மா பயந்துவிட்டார். "இன்னாடி, பீரோ பேசுது?" என்றார். அணைத்து வைக்கலாம். ஏனோ அணைக்கவில்லை. சார்ஜ்கூடப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தீபத்தன்று பெரியம்மா வீட்டில் எல்லோரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். இங்கிருந்து மலையுச்சி தெரியும். நெருப்பு ஏறியதும் எல்லோரும் கும்பிட்டார்கள். நான் பாதியில் கீழே இறங்கி வந்து பீரோக் கதவைத் திறந்து அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். "பத்து ரூபாய் பெறப்பட்டது. பத்து ரூபாய் பெறப்பட்டது. இருபது ரூபாய் பெறப்பட்டது." மூச்சு விடாமல் பேசியது. ஒவ்வொரு பத்துக்கும் அம்மா ஒரு ஜக்கை எடுத்து நீட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அது பேசவில்லை என்றால் அம்மா சாப்பிட உட்கார்ந்துவிட்டாள் என்று வைத்துக்கொண்டேன். பேச்சுத்துணை என்று இங்கே எனக்கு அதுதான்.

நடுவில் ஒரு தடவை "ஒரு ரூபாய்" என்றது. உன்னிடம் சொல்வதற்கென்ன, பீரோக் கதவைச் சாத்திவிட்டேன். நிஜமாகவே யாராவது சில்லறைக்காகப் போட்டிருக்கலாம். ஆனால் எனக்கு இனிமேல் ஒரு ரூபாய் ஒரு ரூபாயாக இருக்காது. விஷயம் ஆறிவிட்டது என்று நீ எழுதுகிறாய். அவர்களுக்கு ஆறிவிட்டது.

பக்கத்துத் தெரு உண்ணாமலை அக்கா செய்யாறில் ஷூ கம்பெனிக்குப் போகிறார். விடியற்காலையில் வேன் வாசலுக்கே வருகிறது. அங்கே உள்ளே போனதும் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாவும் பெங்களூரிலிருந்து பேசும்போது, "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டார். அவருக்கு சென்ட்ரிங் வேலையில் அதற்குமேல் யோசிக்க நேரமில்லை.

அன்று அந்த ஒரு ரூபாய்களோடு வந்த பெயர்களை எல்லாம் பயாலஜி ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஒரு பெயரைப் பற்றி நீயே எழுதுவாய் என்று காத்திருந்தேன். இரண்டு கடிதம் வந்துவிட்டது.

தேவிப்ரியா


வேங்கிக்கால்,
27.12.2025

தேவி,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

கே. ராஜேந்திரன். என் அப்பா பெயர்.

அன்றைக்குக் குரூப்பில் அருண்பிரசாத் எல்லோர் பெயரையும் பட்டியலாகப் போட்டான். ஒரு ரூபாய் அனுப்பி ஸ்கிரீன்ஷாட் காட்டியவர்களுக்கு டிக். எட்டு மணிக்கு டிக் இல்லாமல் நாங்கள் நான்கு பேர்தான். என் பெயருக்குப் பக்கத்தில் "பாத்ரூம் பார்ட்னர்" என்று எழுதினான். அதற்குச் சிரிப்பு விழ ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, ஐந்து. அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா கலெக்டர் ஆபீசிலிருந்து வந்து குளிக்கப் போயிருந்தார். அவர் போன் மேஜைமேல் இருந்தது. பின் நம்பர் என் பிறந்த நாள்.

அனுப்பினேன். டிக் விழுந்தது. சிரிப்பு நின்றது. அப்புறம் அம்மா தோசை போட்டார், வயிறு முட்டச் சாப்பிட்டேன். அனுப்பியதைவிட அப்படிச் சாப்பிட்டதை நினைத்தால்தான் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

போட்டோ போட்டதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேனே, ஏன் தெரியுமா? அதில் என் தப்பு கம்மி. அதையே பேசிக்கொண்டிருந்தால் இதற்கு வர வேண்டாம் என்று பார்த்தேன்.

குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். இதை நல்ல பெயர் வாங்க எழுதவில்லை. வெளியே வந்த அன்றைக்கே என் பையை உன் இடத்திலிருந்து எடுத்துவிட்டேன். அங்கே யாரும் வந்து உட்காரவில்லை. என் பக்கத்தில் உட்கார யாருக்கும் இஷ்டம் இல்லை போலிருக்கிறது.

நந்தினி


கீழ்பென்னாத்தூர்,
5.1.2026

நந்தினி,

உன் அப்பா பெயர் வந்தது எட்டு ஐந்துக்கு.

அதைப் பார்த்ததும் நான் என்ன நினைத்தேன் என்று சொல்கிறேன். கோபம் வரவில்லை. எல்லோரும் அனுப்புவதைப் பார்த்து, நானும் இருக்கிறேன் என்று காட்ட நந்தினி ஒன்று அனுப்பியிருக்கிறாள், பின்னாலேயே போன் செய்வாள் என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டால் அம்மாவுக்குக் கேட்காமல் எங்கே போய்ப் பேசுவது என்றுகூட யோசித்துத் தண்ணித் தொட்டிப் பக்கம் போய் நின்றேன். படுக்கும்வரை போன் கையில்தான் இருந்தது. வரவில்லை. மறுநாள் காலையில் பெஞ்சில் நீ தள்ளி உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

மற்ற முப்பத்தைந்து பேர் அனுப்பியது கேலி. அதற்கு அழுதுவிட்டு இருந்திருப்பேன். உன்னுடையது வந்த பிறகு அந்த வகுப்பில் எனக்கு உட்கார இடம் இல்லை.

வருகிற இருபத்தேழாம் தேதி எனக்குப் பதினெட்டு முடிகிறது. ஆதார் நகலைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டேன். பிப்ரவரி இரண்டாம் தேதி, திங்கட்கிழமையிலிருந்து வேனில் எனக்கு ஒரு இடம் உண்டு. செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு எதற்கும் வர மாட்டேன்.

ஒன்றே ஒன்று. அம்மாவிடம் எதையும் சொல்லாதே. அந்தக் காசை அவள் வாழ்த்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும். அதையாவது எனக்காகச் செய்.

இனிமேல் எழுத வேண்டாம்.

தேவிப்ரியா


வேங்கிக்கால்,
20.1.2026

தேவி,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். இனி நீ என்ன திட்டினாலும் தகும்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று உன் அம்மா பள்ளிக்கு வந்தார். உன் பெயரில் ஹால் டிக்கெட் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஆபீஸ் வாசலில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா ஆச்சு? படிப்பே வேணாம், ஷூ கம்பெனிக்குப் போறேன்றா. கேட்டா போன வெச்சிட்றா. நா இன்னா கொற வெச்சேன்? கக்கூஸ் கழுவுற அம்மான்னு வெக்கப்பட்றாளா?" என்றார்.

உன் அம்மா குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டார், தேவி. ஊமையாக நிற்க என்னால் முடியவில்லை. சாயங்காலம் உன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோ, பட்டியல், டிக், வகுப்பில் அந்தக் குரல், எல்லாம். ஜக்குகளைக் கழுவிக்கொண்டே கேட்டார். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. ஒரே ஜக்கைத் திரும்பத் திரும்பக் கழுவினார்.

"அந்தக் கணக்குக்கு டப்பாவுலேர்ந்து எடுத்து சாமி துட்டுன்னு தனியா முடிஞ்சி வெச்சேன்மா" என்றார். "அதோட கொஞ்சம் போட்டு, மலைமேல ஏத்துற தீபத்துக்கு நெய்க்குன்னு கோயில்ல கட்டி நெய்ச்சீட்டு வாங்கினேன். அவ பேருக்கு."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பிறகு அந்த ஆப்பைத் திறக்கச் சொன்னார். "இதுல உன்னுது எது?" என்றார். கே. ராஜேந்திரன் என்ற இடத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்தார். எழுந்து போய்ச் சில்லறை டப்பாவிலிருந்து ஒரு ரூபாய்க் காசு எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். "உங்கப்பா பேர்ல வந்துது. அவுருகிட்டயே குடுத்துடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி சொன்னார்.

அந்தக் காசு ஜாமெட்ரி பாக்சில் இருக்கிறது. கொடுக்கத் துணிச்சல் இல்லை. அப்பா என்னை ஒரு நாளும் அடித்ததில்லை, அதனால்தான் பயமாக இருக்கிறது.

நந்தினி


வேங்கிக்கால்,
30.1.2026

தேவி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ இதைப் பிரிக்காமல் வைத்தாலும் வைப்பாய். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று வியாழக்கிழமை. அப்பா ஆபீசிலிருந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். காசை மேஜைமேல் வைத்தேன். "இன்னா இது?" என்றார். சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசவில்லை. போனை எடுத்து நவம்பர் மாதத்துக்குப் போய்த் தேடினார். கேஸ் சிலிண்டருக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில் அது இருந்தது. "எம் பேர்லயா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை.

அவிழ்த்த சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "வா" என்றார். வண்டியில் உன் வீட்டுக்குப் போனோம். உன் வீட்டு வாசலில் மேஜை இல்லை, நேற்று பௌர்ணமி இல்லையே. உன் அம்மா அவசர அவசரமாக நாற்காலி எடுத்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை.

"எவ்ளோங்க?" என்று கேட்டார்.

உன் அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "பத்து ரூபாங்க சார்" என்றார்.

அப்பா உள்ளே போனார். முகம், கை, கால் கழுவிக்கொண்டு வந்தார். சுவரில் இருந்த ஸ்கேனரை ஸ்கேன் செய்து பத்து ரூபாய் அனுப்பினார். அனுப்பிவிட்டு, சத்தம் வரும் என்று கொஞ்சம் நின்றார். "பெட்டி இல்லீங்க சார், பொண்ணு எடுத்துக்கினு போய்ட்டா" என்று உன் அம்மா போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "வந்துடுச்சிங்க" என்றார்.

"சுத்தமா இருக்குதுங்க" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது கை கூப்பினார். உன் அம்மாதான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மற்ற பெயர்களைக் கேட்டார் அப்பா. பதினோரு பேர் அவருக்குத் தெரிந்தவர்களாம். பள்ளிக்கும் போகிறேன், வீடுவீடாகவும் போகிறேன் என்கிறார். தேவி சொல்லாமல் எதுவும் செய்யக்கூடாது என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒரு தடவை உன்னைக் கேட்காமல் நல்லது செய்தேன், பட்டது போதும்.

நாளை மறுநாள் தைப்பூசம். மேஜையில் நான் உட்காருகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். யார் போட்டோ எடுத்தாலும் எடுக்கட்டும்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, பயாலஜி செய்முறைத் தேர்வு. அவ்வளவுதான் எனக்குச் சொல்ல இருந்தது.

நந்தினி


கீழ்பென்னாத்தூர்,
3.2.2026

நந்தினி,

அம்மாவிடம் சொன்னதற்கு உன்னை ஒரு வாரம் மனதுக்குள் திட்டினேன். வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன். அம்மா, பெரியம்மாவின் போனுக்குக் கூப்பிட்டாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சாப்டியா?" என்றாள். "நெய்ச்சீட்ட உன் நோட்டுக்குள்ள வெக்கணும்னு எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பீரோவுக்குள்ளிருந்து பெட்டி பேசியது. "பத்து ரூபாய் பெறப்பட்டது." பௌர்ணமி இல்லை, விசேஷம் இல்லை. ஒரே ஒரு பத்து. அப்புறம் ஒன்றும் இல்லை. யாரோ வழிப்போக்கர் என்று நினைத்தேன். ஆனாலும் அரிசியை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் பீரோவைத் திறந்து பார்த்தேன். பெட்டி பெயர் சொல்லாது அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் பேசியது. அந்த மேஜையில் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று அப்போது எனக்குத் தெரியாது. காது கொடுத்துக் கேட்டேன். ஒரு ரூபாய் என்று ஒரு தடவைகூட வரவில்லை.

நேற்று விடியற்காலை வேன் வந்து ஹாரன் அடித்தது. உண்ணாமலை அக்கா கூப்பிட்டார். காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்துவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இன்று மதியம் உன் கடிதம் வந்தது. வியாழக்கிழமை வந்த பத்து யாருடையது என்று படித்ததும் பெரியம்மா முன்னாலேயே அழுதுவிட்டேன். அவர் உண்மையிலேயே காய்ச்சல் என்று கஷாயம் வைத்துவிட்டார். குடித்தேன்.

உன் அப்பா பள்ளிக்குப் போகட்டும். எல்லோர் வீட்டுக்கும் போகட்டும். அந்தப் பையனின் நடை வீடியோவைப் பற்றியும் சொல்லச் சொல். ஆனால் மிஸ்ஸிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். என்னை மறுபடியும் எழுப்பி நிற்க வைக்கக் கூடாது.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. தெரியவில்லை. எட்டு ஐந்து இன்னும் எட்டு ஐந்தாகத்தான் இருக்கிறது. தண்ணித் தொட்டியை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. நாம் முன்போல் ஆவோமா என்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை பெட்டியோடு வீட்டுக்கு வருகிறேன். நீ பஸ் ஸ்டாண்டுக்கு வராதே. ஒன்பதாம் தேதி பள்ளி வாசலிலும் எனக்காக நிற்காதே, எல்லோரும் பார்ப்பார்கள். லேபில் என் பக்கத்தில் வந்து நிற்க வேண்டாம்.

ரெக்கார்டு நோட்டில் எனக்கு இன்னும் மூன்று படம் போட வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் நோட்டை எடுத்துக்கொண்டு வா. நான் வரைந்து முடிக்கும்வரை நீ வாசலில் உட்கார்ந்திரு.

தேவி